பதினெட்டு

பதினெட்டு.

அடுத்தவளும் பதினெட்டு.

திரையில் விடைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

நர்சிங் முதலாமாண்டு, ஆன்லைன் வகுப்பு. பாடம் எடுக்கும் அவள் திங்கட்கிழமை கொடுத்த வேலை இது. பக்கத்தில் இருப்பவர் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார் என்று எண்ண வேண்டும். அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

நாற்பது பேர், நாற்பது வீடு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியப்பாவுக்கும் பதினெட்டு, தொட்டில் குழந்தைக்கும் பதினெட்டு.

ஒருத்தியும் எண்ணவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

திட்டக்கூடத் தெம்பில்லை.

பத்து நாளாக இப்படித்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒரு தலையணை இரண்டாகி, இப்போது மூன்று. வெறும் அலுப்பு என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். பாடம் முடியட்டும், டாக்டரைப் பார்க்கலாம். இன்னும் மூன்று வாரம்தான்.

கடைசி விடை ஜெபசெல்வியுடையது.

முப்பது.

எரிச்சலாக வந்தது. காப்பியடிக்காத ஒருத்தியும் தப்பாக எண்ணியிருக்கிறாள்.

“ஜெபசெல்வி, முழு நிமிஷமும் எண்ணினியாம்மா?”

கேமராவை அணைத்து வைத்திருந்த நாற்பது கருப்புக் கட்டங்களில் ஒன்று பேசியது.

“எண்ணினேன் மேடம். மூணு நாளா எண்ணுறேன். திங்கக்கிழமை இருபத்தாறு. நேத்து இருபத்தெட்டு. இன்னிக்கு முப்பது.”

அலுப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“மூணு நாளா ஏறுது, வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? நர்சிங் படிக்கிற பொண்ணுதானே நீ? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. யாரு, அம்மாவா?”



“அம்மா வேலைக்குப் போயிருக்காங்க மேடம். வீட்டுல நான் மட்டும்தான். கிளாஸ் நேரத்துல உங்களைத்தான் எண்ணினேன். தெரியாம எண்ணணும்னு நீங்கதான சொன்னீங்க.”

அத்தனை கருப்புக்கும் நடுவே தெரிந்தது அவளுடைய சொந்த முகம் ஒன்றுதான். அந்தச் சின்னக் கட்டத்தில் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.

நாலாவது மூச்சிலேயே மாறிவிட்டது.

மேசைக்கு அடியில் கிடந்த கைப்பையைக் காலால் இழுத்தாள்.