பேசியவர்கள்

மேசை மேல் கிடந்த டஸ்டருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிளஸ் டூ முடிக்கும் வகுப்பு, பிரிவு விழா என்ற பேரில் காலையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

"இந்த ஏழு வருஷத்துல நாம யாரும் யாரையும் காட்டிக் கொடுத்ததே இல்ல," என்று தழுதழுத்தான் கிளாஸ் லீடர் இளம்பரிதி. அவன் தோளில் சாய்ந்து ஜெபராஜ் தேம்பினான்.

பக்கத்தில் இருந்த சாக்பீஸ் உருகிப்போனது. "என்ன ஒத்துமை பாத்தீங்களாண்ணே!"

"நேத்து டப்பாவை விட்டு வெளிய வந்த பய நீ, உனக்கு என்ன தெரியும்?" என்று சீறியது டஸ்டர். "வாத்தியார் அந்தப் பக்கம் போனதும் போர்டு மூலையில 'பேசியவர்கள்'னு தலைப்புப் போட்டுடுவான் இந்த லீடர் மகராசன். அதோ அழறானே ஜெபராஜ், ஒருநாள் இவன்கிட்ட தன்னோட ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கேட்டான். அவன் பேசினது அவ்வளவுதான். அதுக்கு லீடர் அவன் பேரை எழுதி, பக்கத்துல 'மிக மிக அதிகம்'னு போட்டான். அந்தப் பிள்ளை மத்தியானம் வரைக்கும் வெயில்ல முட்டி போட்டுச்சு."

"போர்டுல அப்படி ஒண்ணையும் காணோமே?"

"நான்தான் அழிச்சேன்," என்றது டஸ்டர் மெல்ல.

அதற்குள் விசும்பல் பெரிய கூச்சலாகிவிட்டது. "என்னடா அங்க சந்தைக்கடை?" என்று வராந்தாவிலிருந்து வாத்தியார் அதட்டினார்.

இளம்பரிதி தோளை உதறிக்கொண்டு எழுந்தான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்கு ஓடி, பழைய மூலையில் பழைய தலைப்பைப் போட்டான்.

அதன் கீழே முதல் பெயராக எழுதினான்: ஜெபராஜ், மிக மிக அதிகம்.