கரண்டுத் தடி

உரும்பிராயில் மகள் வீட்டுச் சுவரில் மாட்டுக்கு அடிக்கிற கரண்டுத் தடி தொங்குவதைக் கண்டதும் சீவரத்தினத்துக்குக் கோபம் வந்தது.

"வாயில்லாச் சீவனுக்கு உதாலையே தம்பி அடிக்கிறீர்?"

"உங்கடை வேலையைப் பாருங்கோ மாமா," மருமகன் பிரவீணன் சீறினான். "ஒருக்கா வைச்சால்தான் சொல்லுக் கேக்குது."

தேத்தண்ணி கொண்டுவந்த மகள் கஜானி அந்தத் தடிக்கு எட்டவே விலகி நடந்தாள்.

மாட்டையாவது தடவிக்கொடுப்போம் என்று சீவரத்தினம் வளவின் பின்பக்கம் போனார். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"மாடு எங்கை பிள்ளை?"

"அதைப் போன வருசமே வித்துப்போட்டினமே ஐயா!"

அவர் ஓடிவந்து மகளின் கையைப் பிடித்தார்.

"வெளிக்கிடு பிள்ளை, எங்கடை வீட்டை போவம்."

கஜானி உடுப்பு எடுக்கக்கூட உள்ளே போகவில்லை.