விட்டுப்போன வரி

ஆங்கில வகுப்பில் ஒரே வினைக்கு முன்னால் துணைவினைகளை மாற்றி மாற்றிப் போட்டு, வீட்டில் யாராவது கேட்கும்படி சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார்கள். பூரணிக்கு வெட்கம். அக்கா முன்னால் மட்டும் சொல்லுவாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அக்கா ஆடி மாதத்திலிருந்து கட்டிலில்தான் இருக்கிறாள். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் காலைத் தரையில் வைக்கப் பயந்தாள்.

இன்றைய வினை 'கெட் அப்'.

"ஷி மே கெட் அப். ஷி ஷுட் கெட் அப். ஷி மஸ்ட் கெட் அப்" என்று பூரணி சுவரைப் பார்த்து ஒப்பித்தாள்.

"யாருடி அந்த ஷி? நானா?"

"புத்தகத்துல இருக்குக்கா."

"எழுந்திருக்கலாம், எழுந்திருக்கணும்... எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. நேத்து 'கேன்'னு, முடியும்னு ஒண்ணு சொன்னியே. அதை ஏன் விட்டுட்டே?"

பூரணி மறுபடி சுவரைப் பார்த்தாள். நேற்று 'ஷி கேன் வாக்', அவளால் நடக்க முடியும், என்ற வரி வந்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருந்தாள்.

அக்கா போர்வையை விலக்கினாள். "ஐ கேன்..." என்று தொடங்கி நிறுத்தினாள். ஒரு பாதம் தரையைத் தொட்டது.

"ஐயோ, ஜில்லுனு இருக்குடி."

பூரணி பிடித்துக்கொள்ள ஓடினாள்.

"கிட்ட வராதே. மிச்சத்தை நானே சொல்லிக்கிறேன்."