மூன்றாவது விதிக்கு அம்மா

இலவம்பஞ்சு மிதந்து வந்த சாயங்காலம், தேன்சிட்டு அம்மா கூட்டின் ஓட்டையில் பஞ்சைச் செருகிக்கொண்டிருந்தாள். விடிந்தால் குஞ்சுக்கு இயற்பியல் பரீட்சை. தோற்றால் மறுபடியும் முட்டை வகுப்புதான்.

"நியூட்டன் விதி மூணுக்கும் நம்ம வீட்டு ஆளுங்களை ஞாபகத்துக்கு வச்சுக்கிட்டேம்மா. முதல் விதி, தூங்குற அப்பா. யாராச்சும் தள்ளினாத்தான் நகருவாரு. ரெண்டாவது தங்கச்சி. ஒல்லிக்குச்சி, லேசாத் தள்ளினாலே பிச்சுக்கிட்டு ஓடுவா. மூணாவது நீ. ஏன் நீன்னுதான் மறந்துபோச்சு."

பாடத்தில் தனக்கும் இடமா என்று அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. "ஒருவேளை நான் எப்பவும்..." என்று ஆரம்பித்தாள்.

"அடியே, பசிக்குதுடி!" என்றார் எதிர்மரத்தில் படுத்திருந்த அப்பா.

அம்மா கிளையை உதைத்து எழும்பினாள். கிளை கீழே போய் ஊஞ்சலாய் ஆடியது. குஞ்சு துள்ளியது.

"ஞாபகம் வந்துருச்சும்மா! நீ கிளையைக் கீழே தள்ளினே, கிளை உன்னை வானத்துக்குத் தள்ளுச்சு!"