துவக்குக்குக் கட்டிய வரி

“ஒரு பழைய துவக்குக்கு ரெண்டாயிரத்து முந்நூறு டொலரோ? உங்களுக்கென்ன விசரே அப்பா?”

ஒனிஹங்காவில் அந்தத் துப்பாக்கிக் கடையின் முன்னால் காரை நிறுத்திய கையோடு டெஸ்மன் கத்தினான்.

பக்கத்தில் இருந்த எட்வேட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுபத்தெட்டு வயது. சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போடும் கறுத்தக் கோட்டைப் போட்டிருந்தார். பின் ஆசனத்தில் அவருடைய தங்கை இவோன், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். கலியாணமே செய்யாமல் மவுண்ட் ரோஸ்கிலில் தனியாக வாழும் மாமியை அப்பா ஏன் இங்கே கூட்டிவரச் சொன்னார் என்பதும் டெஸ்மனுக்கு விளங்கவில்லை.

“சத்தத்தைக் குறை. றோட்டில வைச்சுக் குடும்பத்தைக் கதைக்கிறேல்லை.”

“கதைக்காமல்? ஆயிரத்து முந்நூறு துவக்குக்கு. சரி, விடுவம். அங்க மெல்பேணில பத்திரம் முடிக்க, பிளேனில ஏத்த நானூற்றிருபது. இங்க சுங்கத்துக்கு ஒரு காசு, இந்தக் கடைக்காரனுக்கு ஒரு காசு. எல்லாத்துக்கும் மேல பதினைஞ்சு வீதம் வரி! அதுவும் துவக்கின்ர விலைக்கு மட்டுமில்லை, பிளேன் கூலிக்கும் சேர்த்து வரி! அப்பப்பாவின்ர துவக்குக்கு நாங்கள் ஏன் அப்பா வரி கட்டவேணும்?”

“நாட்டுச் சட்டம். கட்டத்தான் வேணும்.”

மன்னாரில் எட்வேட்டின் தகப்பனார் வைத்திருந்த இரட்டைக் குழல் துவக்கு அது. மூத்த அண்ணன் மெல்பேணுக்குக் குடிபெயர்ந்தபோது முறையாகப் பத்திரம் எடுத்துக் கூடவே கொண்டுபோனார். அவர் போன வருடம் இறந்துபோக, மகன் கிளைவ் அதைப் படம் பிடித்து இணையத்தில் விலைக்குப் போட்டுவிட்டான். அன்றைக்கு எட்வேட் தொலைபேசியில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“எங்கட வீட்டுப் பேரைச் சந்தியில வைச்சு விக்கிறியோ நாயே?”

“அப்பிடி ரோசமெண்டால் நீங்களே வாங்குங்கோ சித்தப்பா” என்றான் கிளைவ். சொந்தச் சித்தப்பனுக்கு ஒரு டொலர் குறைக்கவில்லை.

டெஸ்மனுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. “வரியைக் குறைக்க இருநூறு டொலருக்கு வித்ததாப் பத்திரம் தாறன் எண்டு கிளைவ் சொன்னவன்தானே? அதையாவது கேட்டிருக்கலாம்!”

எட்வேட் சடாரென்று திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

“வாயை மூடு! பொய் எழுதி வரி மிச்சம் பிடிக்கிற பரம்பரையோ நாங்கள்? எங்கட வீட்டுப் பேரில இனிப் பொய்க் கையெழுத்து விழாது. ஒரு சதமும் குறையாமல் கட்டுறன். என்ர பென்சன் காசு. நீ தரவேண்டாம்.”

“உங்களுக்கு லைசென்ஸும் இல்லை. வீட்டை கொண்டுபோகவும் ஏலாது. பிறகென்னத்துக்கு?”

“அது என்ர பாடு.”

டெஸ்மன் பின்னால் பார்த்தான். “மாமி, நீங்களாவது சொல்லுங்கோ.”

“குடும்ப விசயத்தில உன்ர கொப்பர் எப்ப ஆற்ற சொல்லைக் கேட்டவர்?” என்றார் இவோன், யன்னலைப் பார்த்தபடியே.

எட்வேட் இறங்கி, பின் கதவைத் தானே திறந்தார். “நீயும் வா.”

“நானேன்? எனக்கு அதைப் பாக்கவேண்டிய தேவையில்லை.”

“வா எண்டால் வா!”

கடைக்குள் வெள்ளைக்காரக் கடைக்காரர் நீளப் பெட்டியைத் திறந்து துவக்கை மேசையில் வைத்தார். இவோன் வாசலோடு நின்றுவிட்டார். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. எட்வேட் வங்கி அட்டையை நீட்டி மொத்தத்தையும் கட்டினார். ரசீதை டெஸ்மன் பறிக்காத குறையாக வாங்கி வரிசை வரிசையாகப் படித்துப் பல்லைக் கடித்தான்.

“கொள்ளை! பகல் கொள்ளை! இதைச் சுவரில மாட்டிவைச்சுக் கும்பிடப் போறீங்களோ?”

எட்வேட் கடைக்காரர் நீட்டிய இன்னொரு படிவத்தில் கையெழுத்திட்டார். கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு தயங்கினார்.

“கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன், எட்வேட். துண்டு துண்டாக வெட்டுவதற்குத்தான் என்றால், மெல்பேணிலேயே செய்திருப்பார்களே. உங்களுக்கு இந்த வரியெல்லாம் வந்திருக்காது.”

“வெட்டவோ?” டெஸ்மனின் கையிலிருந்து ரசீது நழுவியது.

எட்வேட் மகனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார்.

“உன்ர கண்ணுக்கு முன்னால வெட்டவேணும் இவோன். உன்னைக் கட்ட இருந்த பெடியனை எங்கட ஐயா இந்தத் துவக்கால வேணுமெண்டுதான் சுட்டவர். குடும்ப மானத்துக்காக, தவறுதலா வெடிச்சதெண்டு நீதிமன்றத்தில பைபிளில கைவைச்சுச் சத்தியம் பண்ணினவன் நான்.”