பதினோரு மணி அலர்ட்

சரியாகப் பதினோரு மணிக்கு சாஃப்ட்வேர் தன் வேலையைச் செய்தது. ஸௌரிராஜனின் செல்போன் ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

"புதிய அரசாணை. ஒப்பந்த டேட்டா என்ட்ரி பணியிடங்கள் இன்றோடு ரத்து. நம் அலுவலகத்துக்குப் பொருந்துவது: சட்டப் பிரிவு, ஒரு பணியிடம்."

சூப்பரிண்டெண்டெண்ட் ஸௌரிராஜன் இரண்டாம் தடவையும் படித்தார். அந்த ஒரு பணியிடம் எதிர் மேஜையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தது.

துர்காதேவி. கார்வேட்டிநகரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சித்தூர் வருகிறவள். வீட்டுக்காரர் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள்தான் தறி ஓடுகிறது. இவள் வேலையில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"மனுஷா கையே படாம நடக்கறது சார்" என்று போன மாதம் திருப்பதி மீட்டிங்கில் எழுந்து நின்று சாஃப்ட்வேரைப் புகழ்ந்தவர் ஸௌரிராஜன்தான். அரசாணையைத் திறந்து பார்த்தால், அதையே காரணமாகப் போட்டிருந்தார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. முன்பெல்லாம் அரசிதழைக் கத்தரித்து, பசை தடவி, சட்டப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள். ஒட்ட மறந்த ஒரு சீட்டால் கோர்ட்டில் தலைகுனிந்ததும் உண்டு. அதற்குத்தான் இந்த சாஃப்ட்வேர். மசோதாவோ, திருத்தமோ, அரசாணையோ, தங்கள் அலுவலகத்தைத் தொடுகிற எது வந்தாலும் உடனே செல்போனில் சொல்லிவிடும்.

முதல் மாதம் அதுவும் உளறியது. மீன்வளத் திருத்தத்தையெல்லாம் கொண்டுவந்து இவர்கள் தலையில் கட்டியது. சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் ஒருநாள் வந்து துர்காதேவியோடு உட்கார்ந்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் பிசகே இல்லை. ஒன்றரை வருஷத்தில் ஒரே தடவை, ஆடிக் கிருத்திகை சமயம், மூன்று நாள் படுத்துவிட்டது. அப்போது துர்காதேவியும் லீவு. கம்பெனிக்குப் போன் போடக்கூட ஆளில்லை.

"ஏமி சார், வீட்ல அம்மாகிட்ட திட்டு வாங்கினு வந்தீங்களா? மொகமே சரியில்ல." டீயை வைத்தான் அட்டெண்டர் சிட்டிபாபு.

"போடா. வெயில் தாங்கல."

"மார்கழில வெயிலா? பாகுந்தி சார், ரொம்ப நல்லாருக்கு!"

மத்தியானத்துக்குள் சொல்லிவிட நினைத்தார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாப்பிடுகிறவளிடம் போய் இதைச் சொல்வதா? மூன்று மணிக்கு எழுந்து அவள் மேஜைவரை போனார்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்டேப்ளர் இருக்கா?"

கொடுத்தாள். கொண்டுவந்து தன் மேஜையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு ஸ்டேப்ளர்கள் இருந்தன.

ரிட்டயராக இன்னும் ஆறு மாதம். "பெருமாளே, அதுக்குள்ள இந்தப் பாவமும் என் கையாலதானா?" என்று முனகிக்கொண்டார். நாளைக்குத் தள்ளிப்போடவும் வழியில்லை. நாளை அவள் பஸ் ஏறி வந்தால், வருகைப் பதிவேட்டில் அவள் பேரே இருக்காது.

ஐந்து மணிக்குத் துர்காதேவி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். பீரோ சாவியையும் அடையாள அட்டையையும் அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"இன்னியோட என் வேல முடியுதுல்ல சார். காலையிலேர்ந்து சொல்ல முடியாம தவிச்சிக்கினு கீறீங்க. உங்களுக்கு ஏன் அந்தக் கஷ்டம்னு நானே வந்துட்டேன்."

ஸௌரிராஜனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே! அந்த அலர்ட் என் ஒருத்தன் போனுக்குத்தானே வந்தது?"

துர்காதேவி சிரிக்கப் பார்த்தாள், முழுசாக வரவில்லை.

"கம்பெனி ஆளு வந்துட்டுப் போனதுலேர்ந்து, உங்களுக்கு அலர்ட் அனுப்பிக்கினு கீறதே நான்தான் சார்."