கனடாவில் இருப்பவள்

"இண்டைக்கு ஏலாது எண்டு நேற்றே சொன்னனான், நீங்கள்தான்—"

"பதினாலு நாள் முடியுது எண்டு போன கிழமையே சொன்னனான், நீர்தான்—"

"ஒரு நாளப்பா! நாளைக்கு விடியவே போவம்."

"ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திட்டுது. இன்னொண்டு வந்தால் படகு லைசென்ஸ் தர மாட்டாங்கள். பிறகு எங்கை போய்ப் படுக்கிறது? உம்மடை கனடாவிலையோ?"



அவர் படகின் எஞ்சினைக் கிளப்பினார்.

லண்டன் கால்வாயில் சொந்தத் தரிப்பிடத்துக்குக் காசு கட்ட வசதியில்லாத படகு, பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. எழும்பிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

அவருக்கு வேலை போனது. வாடகை ஏறியது. இருந்த சேமிப்பை வழித்துத் துடைத்து இந்தப் படகை வாங்கினார்கள். ஏழடி அகலம். வீட்டைவிட மலிவு என்று சொன்னவன் டீசலைச் சொல்லவில்லை. காஸ் சிலிண்டரைச் சொல்லவில்லை. குளிருக்கு எரிக்கும் நிலக்கரி, துருவுக்குப் பூசும் தார், ஒன்றையும் சொல்லவில்லை. நாலு நாளைக்கொருமுறை கக்கூசுப் பெட்டியைக் கழற்றி, கைவண்டியில் வைத்து, சனம் நடக்கும் பாதையால் தள்ளிக்கொண்டு போய் ஊற்றவேண்டும் என்பதையும்தான்.

லண்டனிலேயே இருக்கும் தங்கை நேசமலர், "புது வீட்டைப் பாக்க வரட்டே?" என்று கேட்டாள்.

மகனோடு கனடாவில் நிற்கிறோம் என்றாள் இவள். வாயில் வந்தது அதுதான்.

மாரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் எடுப்பாள். எடுத்தவுடன் முதல் கேள்வி: "அங்கை சரியான குளிரோ, அக்கா?"

இவள் கைபேசியில் கனடாக் குளிரைப் பார்த்து வைத்துக்கொண்டு பதில் சொல்லுவாள். மைனஸ் பன்னிரண்டு. மைனஸ் ஒன்பது. அதில் மட்டும் பொய் இல்லை.

இன்றைக்கு நேசமலரின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு.

மண்டபத்தின் பின்வாசல் கால்வாய்க் கரையில் திறக்கும். திறக்கும் இடத்தில்தான் லொக். படகைப் பள்ளத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் நிரப்பி மேட்டுக்குத் தூக்கிவிடும் இடம். அதைத் தாண்டினால்தான் தண்ணீர்க் குழாய். பெட்டி ஊற்றும் இடமும் அங்கேதான். இரண்டு நாளாக வாளித் தண்ணீரில் முகம் கழுவுகிறார்கள்.

விரைந்து கடந்துவிடலாம் என்றால், படகு ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். நாய் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு கிழவி அவர்களை முந்திக்கொண்டு போனாள்.

வழக்கத்தில் அவர் சுக்கான் பிடிப்பார். அவள் இறங்கிக் கதவு தள்ளுவாள்.

இன்று அவள் இறங்கவில்லை. யன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள்.

அவர் கம்பளித் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு, நோகும் முழங்காலோடு, தொட்டிச் சுவரின் இரும்பேணியில் ஏறினார்.

உள்ளே இருட்டு. திரையின் இடுக்கில் பாசி பிடித்த சுவர்.

மேலே நாதஸ்வரம். செருப்புச் சத்தம். இளந்தாரிகள் கதவு தள்ள ஓடி வருகிறார்கள்.

"அண்ணை தமிழோ?"

"சொறி?" என்றார் அவர், தமிழ் விளங்காத ஆள்போல.

பன்னிரண்டு வருடம் சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படிப்பித்த மனுசன்.

அவளுக்குக் காது கூசியது.

தண்ணீர் இரைந்துகொண்டு புகுந்தது. படகு ஏறத் தொடங்கியது.

பாசி கீழே போனது.

கரைக்கல் வந்தது.

பிறகு செருப்புகள். சீலைக் கரைகள்.

"போட் மேலை வரட்டும்! பிள்ளையை அதுக்கு முன்னாலை நிப்பாட்டுங்கோ. வடிவான படமொண்டு எடுப்பம்." படம் எடுக்கிறவரின் குரல்.

பிள்ளை வந்து நின்றாள். யன்னலுக்கும் அவளுக்கும் ஒரு முழம்கூட இல்லை.

"ஐயோ, கொசுவம் குலைஞ்சு கிடக்கு. நில்லு குஞ்சு."

அந்தக் குரலுக்குரிய கால் வந்தது. சின்னவிரல் வளைந்த இடது கால். சிறுவயதில் கிணற்றடியில் வாளி விழுந்து வளைந்த விரல். வாளியைக் கைநழுவ விட்டவள் இவள்தான்.

நேசமலர் குந்தினாள். பேத்தியின் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவினாள்.

நீவிய கை நின்றது.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

முகத்தை மறைத்தாயிற்று. எதைக்கொண்டு மறைத்தோம் என்று நினைக்கவில்லை.

மாம்பழ மஞ்சள். மயில்கழுத்துக் கரை. இவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நேசமலர் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துவந்த சீலை. யன்னலால் வந்த குளிரை மறிக்க, போன மார்கழியில் அதை நாலாக வெட்டித் திரையாகத் தைத்திருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் விலகுங்கோ, படத்திலை விழுறியள்."

நேசமலர் விலகவில்லை.

தண்ணீர் நிரம்பி இரைச்சல் அடங்கியது. படகு கரை மட்டத்துக்கு வந்து நின்றது. வெளியே, மேல்கதவைத் தள்ள அவர் இளந்தாரிகளோடு தோள் கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இவள் திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். திறக்கவும் இல்லை. விடவும் இல்லை.

கண்ணாடியில் மோதிரம் தட்டியது. இரண்டு தரம், மெதுவாக.

பிறகு, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில்,

"அங்கை சரியான குளிரோ, அக்கா?"